ஒற்றைப் பாட்டுக்காரர் என்னும் வசை

சிலோன் மனோகர் என்று தமிழ்நாட்டாரும் ஏ. இ. மனோகரன் என்று ஈழத்தாரும் வழங்கிய பாடகர், 2018ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி, தமது 73ஆம் வயதில் சென்னையில் காலமானார். அவரைப் பற்றி அப்போது எழுதியவர்களும் பேசியவர்களும் பெரும்பாலும் 'சுராங்கனி' புகழ் மனோகர் என்ற அடைமொழியோடு காரியத்தை முடித்துக்கொண்டார்கள். அடைமொழியில் பொய் இல்லை. ஆனால் அந்த அடைமொழியின் நிழலில், அச்சில் ஏறாமல் நாவிலே மட்டும் உலவிவருகிற அபிப்பிராயம் ஒன்று உண்டு. மனிதர் ஒரே பாட்டுக்காரர், அந்த ஒன்றும் சங்கீதம் என்று சொல்லத் தகாத விளையாட்டுப் பாட்டு, அதுவும் அதிர்ஷ்டவசத்தால் வாய்த்தது, வாய்த்ததை வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் மேடை மேடையாகக் காலம் தள்ளினார், இடைப்பட்ட வேளைகளில் சினிமாவில் அடியாள் வேஷம் கட்டினார் என்பதே அது. மலேசியாவில் எங்கள் கமுந்திங், தைப்பிங் வட்டாரத்தில் இதைச் சொல்லாதவர் குறைவு. கல்யாண விருந்தில் இசைக்குழுவினர் அந்தப் பாட்டைத் தொடங்கியதுமே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து ஆடுகிற பெரிய மனிதர்கள்தாம், மறுநாள் காலை கோப்பிக் கடையில் உட்கார்ந்து இந்தத் தீர்ப்பையும் வழங்குகிறார்கள் என்பது இதிலுள்ள ரசமான அம்சம். ஆடின காலுக்கும் தீர்ப்புச் சொல்கிற வாய்க்கும் ஒரே தேகத்தில் இவ்வளவு பிணக்கு இருப்பது வைத்தியர்கள் கவனிக்கவேண்டிய விஷயம்.

இந்த அபிப்பிராயம் தவறு என்பது என் கட்சி. ஏதோ இறந்துபோனவர்மீது கொண்ட இரக்கத்தால் 'பாவம், அவரையும் கொஞ்சம் போற்றுவோமே' என்று கேட்கும் கட்சியல்ல. நியாயத்தின் முன்னே நிறுத்தினால் அந்த அபிப்பிராயம் ஒரு நாழிகைகூடத் தாங்காது என்று சொல்லும் கட்சி.

ஒன்றால் மட்டும் அறியப்படுவது எத்தகையது என்பதைக் கமுந்திங்வாசிகளுக்குப் பிறர் வந்து உபதேசிக்கவேண்டியதில்லை. மலேசியாவின் எந்த மூலைக்குப் போய் எங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னாலும், கேட்டவர் மனத்தில் முதலில் எழுவது தடுப்பு முகாம்தான். 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் வந்து கிடந்த இடம் இது. 2007 டிசம்பரில், மலேசிய இந்தியர் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர்கள் ஐவர் கொண்டுவரப்பட்ட இடமும் இதுவே. 2012இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்ட பிறகும் ஊருக்கு ஒட்டிய பெயர் நீங்கினபாடில்லை. லாருட் போர்களின் காலத்தில் கிளியான் பாரு என்ற பெயரோடு இது கீ ஹின் என்னும் சீனக் கூட்டத்தாரின் ஈயச் சுரங்கமாக இருந்ததையோ, பால்மரக் காட்டிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று இங்குள்ள ஆலைகளில் இரவு வேலை பார்த்துப் பிழைப்பதையோ யாரும் விசாரிப்பதில்லை. அதற்காக, இவ்வூர் முள்கம்பி வேலி ஒன்றைத் தவிர வேறொன்றுமே இல்லாத ஊர் என்று இங்கு வாழும் எவரும் நம்புவதும் இல்லை. அறியப்படுவது வேறு, இருப்பது வேறு என்னும் இந்தச் சாமானிய விவேகத்தை, ஒரு பாடகர் விஷயத்தில் மட்டும் ஏன் வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம்?

அதிர்ஷ்டம் என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்றக் குற்றச்சாட்டுகளுக்கெல்லாம் அஸ்திவாரம் அதுதான். 'சுராங்கனி' தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு வந்து சேர்வதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1966இல் இலங்கையில் எடுக்கப்பட்ட 'பாச நிலா' என்ற தமிழ்ப் படத்தில் நடித்தவர் மனோகரன். தென்னிந்தியப் படங்களோடு போட்டியிட வழியின்றி ஈழத்துத் தமிழ்ச் சினிமா தத்தளித்துக்கொண்டிருந்த காலத்தில், அரிதாரம் பூசிக்கொள்வதற்குக் கலைமீது பிரியம் வேண்டியிருந்ததேயன்றி, அதில் லாபத்துக்கோ கீர்த்திக்கோ இடமில்லை. பாட்டு ஓய்ந்துபோன பின்னர் வயிற்றுக்காக நடிக்கப் போனார் என்று சொல்பவர்கள் காலக்கணக்கையே தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். அவர் நடித்துவிட்டுப் பாட வந்தவர். மேடையில் நின்று, முன்னே இருக்கிற ஆயிரம் பேரையும் தன்னோடு சேர்த்துப் பாடவைக்கிற அந்தச் சாமர்த்தியம் ஒரு நாளில் வானத்திலிருந்து விழுந்ததாக எண்ணுவது, சமையலறையை எட்டிப் பார்க்காமலேயே உணவு இலையில் முளைத்தது என்று நம்புவதைப் போன்றது.

இது நம்மவருக்கு மட்டும் நேர்ந்த அநீதியும் அல்ல. ஸ்பெயின் தேசத்தில் செவில் நகரத்தை அடுத்த தோஸ் எர்மானாஸ் என்னும் ஊரில் 1962ஆம் ஆண்டு சேர்ந்து பாடத் தொடங்கிய நண்பர் இருவரை, 'மக்கரேனா' பாட்டுக்காரர்கள் என்று உலகம் அறியும். அவர்களுடைய அந்தப் பாட்டு 1996இல் அமெரிக்க இசைப்பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தபோது, எங்கிருந்தோ திடீரென்று முளைத்த அதிர்ஷ்டக்காரர்கள் என்று பேசப்பட்டார்கள். அப்படி முளைப்பதற்குள் அவர்கள் 30 ஆண்டுகளுக்கு மேல் விருந்துகளிலும் விழாக்களிலும் பாடி முடித்திருந்தார்கள். கேட்பவன் காதுக்கு எட்டிய நாளே பாடுபவன் பிறந்த நாள் என்று கணக்கிடுவது, கேட்பவனுடைய அகங்காரத்தைத் தவிர வேறெதையும் காட்டவில்லை.

ஒரே பாட்டு என்ற எண்ணிக்கையும் இதே சாதியைச் சேர்ந்ததுதான். எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். ஜப்பானியப் பாடகர் கியூ சக்காமோட்டோ 1961இல் பாடிய ஒரு பாட்டு, 1963 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அதன் ஜப்பானியப் பெயர் நாவில் நுழையாதென்று கருதி, பாட்டுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத 'சுக்கியாக்கி' என்ற இறைச்சிப் பதார்த்தத்தின் பெயரை வியாபாரிகள் அதற்குச் சூட்டினார்கள். அமெரிக்கர்களுக்கு அவர் இன்றுவரை ஒற்றைப் பாட்டுக்காரர். அவருடைய சொந்த நாட்டிலோ ஒரு தலைமுறையின் பெருநட்சத்திரம். மனோகரன் நிலையும் அதுவே. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பொப்பிசை என்று வழங்கிய ஓர் இயக்கமே இருந்தது. 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம், எஸ். ராமச்சந்திரன் முதலியோரோடு மனோகரன் அதன் தூண்களில் ஒருவராக விளங்கினார். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்ற பட்டமும் அவருக்கு அங்கே உண்டாயிற்று. ஒரு பாட்டுக்காக யாரும் யாரையும் சக்கரவர்த்தி ஆக்குவதில்லை. பாக்கு நீரிணையைத் தாண்டி வந்தது ஒன்று என்பதால், அந்தக் கரையிலும் ஒன்றுதான் இருந்தது என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். 'சின்ன மாமியே'யையும் மனோகரனே பாடியதாக எண்ணிக்கொண்டிருப்பவர்களை நான் இந்த ஊரிலேயே காட்டுவேன். ஈழத்துப் பாட்டென்றால் எல்லாம் ஒரே ஆள் பாட்டு என்பது அவர்கள் சித்தாந்தம். ஒரே ஆளுக்கு ஒரே பாட்டு என்பதும், எல்லாப் பாட்டுக்கும் ஒரே ஆள் என்பதும் எப்படி ஏககாலத்தில் உண்மையாகும் என்று அவர்களைக் கேட்டுப் பயனில்லை.

சரி, வாதத்துக்காக அவர் ஒரே ஒரு பாட்டுத்தான் பாடினார் என்றே வைத்துக்கொள்வோம். தமிழன் இதற்காக ஒருவரை இகழலாமா? சங்கத் தொகைகளில் இடம்பெற்ற புலவர்களில் ஒரே ஒரு செய்யுளோடு நிற்பவர்கள் எத்தனையோ பேர். இயற்பெயர்கூட எஞ்சாமல், தாம் ஆண்ட ஓர் உவமையே பெயராகிவிட்டவர்களும் அவர்களுள் உண்டு: செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார், குப்பைக்கோழியார். குப்பைமேட்டில் யாரும் மூட்டிவிடாமல் தாமே சண்டையிடும் கோழிகளைப் பாட்டுக்குள் கொண்டுவந்த ஒரு மனிதரை, தொகுத்தவர்கள் 'இவர் ஒற்றைப் பாட்டுக்காரர், தள்ளுங்கள்' என்று ஒதுக்கவில்லை. அவ்வையார், கபிலர் ஆகியோருக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். எத்தனை பாடினான் என்று எண்ணுவது இசைத்தட்டு வியாபாரியின் கணக்கு. விற்ற தட்டுக்கு அடுத்த தட்டு எங்கே என்பது அவன் கவலை. அவன் கவலையை அவன் படட்டும். இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தை விட்டுவிட்டு நாம் ஏன் அவனுடைய பேரேட்டைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டும்?

இனி, அது விளையாட்டுப் பாட்டு, கலப்படப் பாட்டு என்ற ஆட்சேபத்துக்கு வருவோம். சற்று விஸ்தாரமாகவே பேசவேண்டிய இடம் இது. ஏனெனில் இந்த ஆட்சேபத்தைக் கிளப்புகிறவர்கள் கோப்பிக் கடைக்காரர்கள் மட்டுமல்லர், சங்கீத ஞானம் உள்ளவர்களும் தமிழ்ப் பற்று உள்ளவர்களுமாவர்.

'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்து வருவது. மீன் கொண்டுவந்திருப்பதாக ஒருத்திக்குச் சொல்லும் கடற்கரைப் பாட்டு. அதன் தாளம் பைலா. போர்த்துக்கீசியர் 1505இல் இலங்கைக் கரையில் இறங்கி, 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்து வெளியேறிய பிறகும், அவர்கள் விட்டுச்சென்றவற்றில் மதமும் சில சொற்களும் இந்தத் தாளமும் நிலைத்துவிட்டன. அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் சந்ததியாரும், மட்டக்களப்புப் பறங்கியரும் ஆடிப் பேணிய அந்த ஆட்டத்தை, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் காவல்துறையில் பணியாற்றிய வாலி பாஸ்டியன் என்பவர் சிங்கள மேடைக்கு ஏற்றார். அங்கிருந்து அது யாழ்ப்பாணத்து இளைஞர் கைக் கித்தாருக்கு வந்தது. அந்நியச் சரக்கு என்று இதை ஒதுக்குகிறவர்கள், மேல்நாட்டு வயலினைப் பாலுசாமி தீட்சிதர் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்ததையும், ஐரோப்பாவில் பிறந்த ஆர்மோனியம் இல்லாமல் ஒரு காலத்தில் தமிழ் நாடகமேடையே நடவாததையும் எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

மலேசியத் தமிழன் இந்த ஆட்சேபத்தைச் சொல்லும்போது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. 1511இல் மலாக்காவைப் பிடித்த அதே போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற 'ஜிங்கிளி நோனா' என்ற பாட்டை, மலாக்காவின் போர்த்துக்கீசியக் குடியிருப்பில் இன்றும் பாடி ஆடுகிறார்கள். அதன் உடன்பிறப்பான பாட்டொன்று இலங்கைப் பறங்கியரிடையே வழங்குவதை ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் மலாய் நண்பர்கள் ஜோகெட் ஆடும்போது, அந்தத் துள்ளல் நம் காலுக்குப் பழகினதாகப் படுவது தற்செயலல்ல. மலாக்காவுக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கடல்வழியாகப் போய்வந்த ஒரு தாளத்துக்கு, கமுந்திங் கல்யாண மண்டபம் அந்நிய பூமியே அல்ல. போதாக்குறைக்கு, இந்த வட்டாரத்துக்கு ரயில் கொண்டுவந்ததே சிலோன்காரர்கள்தாம்: 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குப் போடப்பட்ட இந்நாட்டின் முதல் இருப்புப்பாதையை அமைத்தவர்கள் சிலோன் பயனியர் படையினர். பின்னால் யாழ்ப்பாணத்துக் கிராணிகளும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் வந்தார்கள். கிராணி வீட்டார் தோட்டத்து லயத்துச் சனங்களோடு ஒரு பந்தியில் உட்காராத காலம் ஒன்று இருந்தது. அதை மறைத்துப் பேசி ஆவதொன்றுமில்லை. அந்தக் கிராணி வீட்டாரின் ஊரில் பிறந்த இந்த மீன் பாட்டு, அவர்கள் வீட்டு வானொலிப் பெட்டியில் தயங்கித் தயங்கி நுழைந்ததென்றால், போர்ட் வெல்டிலிருந்து மீன் வந்து இறங்குகிற லயத்து வாசலில் தடையின்றி நுழைந்தது. தேவாரமும் கீர்த்தனமும் இருக்க இதுவா நம்மவர் பாட்டு என்று கூசினவர்கள் அப்போது யார், இப்போது யார் என்று பார்த்தால், ஆட்சேபத்தில் சங்கீதம் எத்தனை பங்கு, அந்தஸ்து எத்தனை பங்கு என்பது விளங்கிவிடும்.

விளையாட்டுத்தனம் தமிழுக்குப் புதிதும் அல்ல. குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் சிங்கியைக் கேள்விமேல் கேள்வி கேட்டு மடக்க முயல்வதும், முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருவரையொருவர் வாய்கொண்ட மட்டும் ஏசிக்கொள்வதும் பாடப்புத்தகத்தில் இடம்பெற்று, மாணவர்கள் குறிப்பெழுதும் இலக்கியமாகிவிட்டன. அவை தோன்றிய காலத்தில் சிரிப்பதற்கும் ஆடுவதற்குமே தோன்றின, பரீட்சைக்காகத் தோன்றவில்லை. நம் காலத்துக்கே வந்தால், சந்திரபாபுவை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தையார் நாடு கடத்தப்பட்டதால் கொழும்பில் வளர்ந்து, அங்கே கேட்ட மேல்நாட்டுப் பாணிகளை நெஞ்சில் வாங்கிக்கொண்டு வந்து, தமிழ்ச் சினிமாவில் அவர் குரலைப் புரட்டிப் புரட்டிப் பாடியபோதும் இதே முகச்சுளிப்பு இருந்தது. 1974இல் அவர் இறந்த பிறகு படிப்படியாக அவர் மேதையாகிவிட்டார். விளையாட்டுப் பாட்டுக்காரன் கௌரவம் பெறுவதற்குச் சாகவேண்டும் என்ற ஒழுங்கு நம்மிடம் இருக்கிறது போலும். மனோகரனுக்கு அதுவும் இன்னும் பலிக்கவில்லை.

இந்த இடத்தில் மனோகரனுடைய ரசிகர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. சிங்களமும் தமிழும் கைகோத்த இந்தப் பாட்டு இரண்டு இனங்களையும் இணைத்த பாலம் என்று அவர்கள் புகழ்கிறார்கள். எதை இணைத்தது? 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது, 1958இல் கலவரம், 1977 ஆகஸ்டில் மறுபடியும், 1983 ஜூலையில் தமிழர்மீது நடந்ததைச் சொல்லவேண்டியதில்லை. சுற்றுலா பஸ்ஸில் இந்தப் பாட்டைக் கைதட்டிப் பாடிச் சென்ற எத்தனையோ பேர், அந்த ஜூலையில் அடுத்த வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். ஒரு பாட்டு கலவரத்தைத் தடுக்கும் என்று எதிர்பார்ப்பதும், தடுக்காததால் அது பயனற்றதென்று சொல்வதும் ஒரே பிழையின் இரு முகங்கள். விளையாட்டுப் பாட்டை நேரே புகழ வெட்கப்பட்டு, அதற்கு ஒரு தேசசேவையைக் கற்பித்துப் புகழ்வது மறைமுகமான அவமதிப்பு. அந்தப் பாட்டு நன்றாக இருக்கிறது. முதல் முறை கேட்கும் குழந்தை இரண்டாம் சுற்றுக்குள் கூடச் சேர்ந்து பாடிவிடுகிறது. அரை நூற்றாண்டு கழிந்தும் அலுக்கவில்லை. இவ்வளவும் ஒரு மெட்டுக்குப் போதாதா?

எல்லாவற்றிலும் கொடியது, வாய்ப்பு வந்தும் அதை வளர்த்துக்கொள்ளத் தெரியாமல் அடியாள் வேஷத்தில் வீணானார் என்ற குற்றச்சாட்டு. இதற்குப் பதில் அவருடைய குணத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. குறிப்பாக 1977ஆம் ஆண்டில் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரின் அரசாங்கம் இந்தியப் பத்திரிகைகளின் இறக்குமதியையும் திரைப்படங்களின் வரவையும் கட்டுப்படுத்தியது. சுதேசிப் பொருளாதாரத்துக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டின் தற்செயலான பலன், ஈழத்துத் தமிழ்க் கலைஞனுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. ஈழத்துப் பத்திரிகைகள் வாசகரைக் கண்டன. இலங்கை வானொலி உள்ளூர்க் குரல்களை ஒலிபரப்பியது. சினிமாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு தமிழ்ப் பாட்டு, பாட்டு என்ற ஒரே தகுதியால் பிரசித்தி அடைய முடிந்தது. தமிழ்நாட்டில் அன்று இது நினைத்துப் பார்க்கவும் இயலாத காரியம். அங்கே பக்தியும் கர்நாடகமும் போக மிச்சமிருந்த இசை முழுவதையும் சினிமா விழுங்கி இருந்தது. படத்தில் இல்லாத பாட்டுக்கு அங்கே அநேகமாகச் சந்தையே இல்லை. 1977 ஜூலையில் இலங்கையில் ஆட்சி மாறியது, ஜெயவர்த்தனாவின் திறந்த பொருளாதாரம் வந்தது, இந்தியச் சரக்கு மீண்டும் வெள்ளமாகப் பாய்ந்தது. அடுத்த மாதமே கலவரம். மறு வருஷம், மீனவர் வாழ்வைப் பற்றிய செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' என்ற பெயரிலேயே படமாகி வந்தது. அதில் மனோகரன் நடித்தார். நல்ல முயற்சி; ஆனால் அத்தகைய முயற்சிகளைத் தாங்கும் நிலம் காலடியில் நழுவிக்கொண்டிருந்தது. பாடிப் பிழைக்க நினைத்த ஒருவர் சென்னையை நோக்கிப் புறப்பட்டதில் என்ன ஆச்சரியம்?

சென்னை அவரை எப்படி வரவேற்றது என்று பாருங்கள். அதே 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற படத்தில், இளையராஜாவின் இசையில், 'சுராங்கனி' இடம்பெற்றது. பாடியவர் மனோகரன் அல்லர். மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும். வாசுதேவன்மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இந்த மண்ணில் பிறந்து அங்கே போய்ப் பெரும்பாடுபட்டு நிலைத்தவர், அவர் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆயினும் விஷயம் விஷயந்தான். சினிமா பாட்டை எடுத்துக்கொண்டது; அதை ஊரெங்கும் பரப்பிய குரலை வெளியே நிறுத்தியது; பிற்பாடு அந்தக் குரலுக்கு உரியவரை உள்ளே அழைத்தபோது, பாடச் சொல்லவில்லை, கதாநாயகனிடம் அடிவாங்கச் சொன்னது. தமிழிலும் மலையாளத்திலும் பிற மொழிகளிலும் ஆண்டுக்கணக்காக அவர் அந்த வேலையைச் செய்தார், பிற்காலத்தில் சின்னத்திரைத் தொடர்களிலும் நடித்தார், குடும்பம் நடத்தினார். இதை வீழ்ச்சி என்று சொல்பவர்கள், அவர் எங்கே ஏறி நின்று எங்கே விழுந்தார் என்பதைக் காட்டவேண்டும். இருந்த ஒரே வாசல் அதுவாக இருந்தது. பாட்டுக்காரனுக்கு அந்த வாசலில் கொடுக்கப்பட்ட சீட்டு நடிகன் என்ற சீட்டு. அவரோ 1966 முதலே நடிகர். கிடைத்த வேலையைக் கௌரவமாகச் செய்து பிழைத்தவரை வீணானவர் என்று சொல்ல எந்த நாவுக்கும் உரிமை இல்லை. (ஒன்று கவனியுங்கள்: இவர் சிலோன் மனோகர், அவர் மலேசியா வாசுதேவன். ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் போன பாடகர்களின் பெயருக்கு முன்னால் யாரும் ஊரை ஒட்டவில்லை. கடல்கடந்து போனவர்களுக்கு மட்டும் முத்திரை குத்தி, கடைசிவரை அதைக் கழற்றாமலே வைத்திருந்தார்கள்.)

சினிமாவின் இந்தப் பழக்கம் மனோகரனோடு நின்றுவிடவும் இல்லை. கிராமத்துத் திருவிழாக்களில் பல்லாண்டு பாடிப் பழுத்த பரவை முனியம்மாவை 2003இல் 'தூள்' படத்தின் ஒரு பாட்டும், வடசென்னைக் கானா மரபில் வந்த உலகநாதனை 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தின் ஒரு பாட்டும் உலகறியச் செய்தன. அந்த உலகநாதன் பாட்டும் மீன் பாட்டே என்பது வேடிக்கை. மீனுக்கும் தமிழ் வெற்றிக்கும் ஏதோ பூர்வபந்தம் இருக்கவேண்டும். ஒரு தடவை கதவைத் திறந்து, ஒரு பாட்டை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, 'இவர்களிடம் ஒரு பாட்டுத்தான் இருந்தது' என்று சாட்சி சொல்கிற சினிமாவின் வார்த்தையை நம்பித்தான் நாம் ஒற்றைப் பாட்டுக்காரர் என்ற பட்டியலையே தயாரித்திருக்கிறோம்.

கடைசியாக, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினார் என்கிறார்கள். பாடினார், கேட்டார்கள், பாடினார். ஓதுவார் அதே திருப்பதிகத்தை ஒவ்வொரு காலப் பூசையிலும் ஓதுகிறார், நாதஸ்வரக்காரர் ஒவ்வொரு முகூர்த்தத்திலும் அதே கெட்டிமேளம் வாசிக்கிறார். இவர்களைப் பார்த்து, உமக்கு வேறு தெரியாதா என்று எவரும் கேட்டதில்லை. 1983க்குப் பிறகு டொரோண்டோவிலும் லண்டனிலும் சிதறிப்போய்க் குடியேறியவர்கள் கூடுகிற சபையில் இவர் வேறு எதைப் பாடியிருக்கவேண்டும் என்று விமர்சகர்கள் எண்ணுகிறார்கள்? புதிய பாட்டைக் கேட்பதற்காக அந்த ஜனங்கள் சீட்டு வாங்கவில்லை. ஊரை விட்டு வந்ததிலிருந்து, ஊரைப் பற்றிய ஒவ்வொரு சேதியும் மரணச் சேதியாக வந்துகொண்டிருந்த ஆண்டுகளில், சாவைப் பற்றியல்லாத ஓர் ஊர்ப்பாட்டைக் கேட்பதற்காக வாங்கினார்கள். அதை ஒருவர் சலிக்காமல் பாடிக்கொடுத்தார் என்றால், சலித்துக்கொள்ளும் உரிமை அந்தச் சபைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

எதிர்க்கட்சிக்காரர்களில் நியாயபுத்தி உள்ள ஒருவர் எஞ்சியிருந்து, 'அப்படியானால் அவர் பாடிய மற்றவை எங்கே, காட்டுங்கள், கேட்டுப் பார்க்கிறோம்' என்று சொன்னால், அவரோடு மட்டும் பேச நான் தயார். இசைத்தட்டுகள் பலருடைய வீட்டு மச்சுகளில் கிடக்கின்றன. ஒலிநாடாக்கள் பாதி பூஞ்சை பிடித்துப்போயின. வானொலி நிலையங்களின் களஞ்சியத்தில் இருப்பவை உள்ளூர் நேயர் விருப்பத்தில் ஒருபோதும் ஒலிப்பதில்லை, ஏனெனில் கேட்கிறவர்கள் எல்லாரும் அந்த ஒன்றையே கேட்கிறார்கள். கமுந்திங்கிலிருந்து கிள்ளான்வரை சிலோன்காரக் குடும்பங்களின் பழைய பெட்டிகளைக் கிளறினால், நித்தி கனகரத்தினமும் ராமச்சந்திரனும் மனோகரனும் ஒரே உறையில் கிடைக்கக்கூடும். தீர்ப்பு எழுத உட்காருபவர்கள், அந்தத் தட்டுகளை ஒருமுறை சுழலவிட்டுக் கேட்டுவிட்டு வந்து எழுதட்டும்.